சன்னமான லேசர் வெட்டுக்கு எந்த லென்ஸ்? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணப் பத்திரிகையில் ஜாலி (சல்லடைபோலத் துளையிட்ட) வேலை, ஆக்ரிலிக் தோடு, பூஜை அறைக்கு மரத் தோரணம், ஏற்காட்டுக் கடைகளுக்கு வெள்ளியோக்கு (சில்வர் ஓக்) பலகையில் சாவிக்கொத்து. இப்படிப் பொடி வேலை செய்கிறவர்கள் லென்ஸ் வாங்க வரும்போது கேட்கிற கேள்விகளையே கீழே எழுதியிருக்கிறேன். நான் மனதில் வைத்திருக்கும் மெஷின், நம் ஊரில் அதிகம் காணும் கண்ணாடி ட்யூப் சிஓ2 மெஷின்தான்: 60 முதல் 100 வாட் வரை, அலைநீளம் 10.6 மைக்ரான். ஃபைபர் மெஷின்காரர்களுக்குக் கடைசிப் பக்கம் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது, நேராக அங்கே போய்விடலாம்.

அண்ணா, சின்ன ஃபோகல் லென்ஸ் போட்டால் சன்னமாக வெட்டுமா?

வெட்டும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை, எல்லாப் பொருளிலும் இல்லை. லென்ஸுக்குக் கீழே கதிர் எவ்வளவு சின்னப் புள்ளியாகச் சேரும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: 1.27-ஐ அலைநீளத்தாலும் ஃபோகல் நீளத்தாலும் (லென்ஸிலிருந்து கதிர் குவியும் இடம் வரை உள்ள தூரம்) கதிரின் தரத்தாலும் பெருக்கி, லென்ஸில் வந்து விழும் கதிரின் விட்டத்தால் வகுக்க வேண்டும். கதிரின் தரம் என்பதை எம்-ஸ்கொயர் என்று ட்யூப் விவரத்தாளில் போட்டிருப்பார்கள். 1 என்றால் உச்சம், நல்ல கண்ணாடி ட்யூப் 1.2 பக்கம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கதிர் 6 மி.மீ. அகலம் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். 1.5 இன்ச் லென்ஸ், அதாவது ஃபோகல் நீளம் 38.1 மி.மீ., கிட்டத்தட்ட 0.10 மி.மீ. புள்ளி தரும். 2 இன்ச் (50.8 மி.மீ.) 0.14. 2.5 இன்ச் (63.5) 0.17. 4 இன்ச் (101.6) 0.27. ஆக 2 இன்ச்சிலிருந்து 1.5-க்கு மாறினால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று நான்கு பங்குதான். பத்திரிகை அட்டையில் மயில் தோகை வெட்டுகிறவருக்கு அது பெரிய விஷயம். 6 மி.மீ. எம்.டி.எஃப்.-இல் (மரநார் அழுத்திய பலகை) சாமி பெயர் வெட்டுகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அப்படியானால் எப்போதும் 1.5 இன்ச்சையே போட்டுவிட்டால் என்ன?

இங்கேதான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். புள்ளி எவ்வளவு சிறியதோ, அது சிறியதாகவே இருக்கும் உயரமும் அவ்வளவு குறையும். புள்ளி 5 சதவீதத்துக்கு மேல் பெருகக் கூடாது என்று கறாராக வைத்தால், மேலே சொன்ன அதே கதிரில் 1.5 இன்ச் லென்ஸுக்கு ஃபோகஸிலிருந்து மேலே 0.2 மி.மீ., கீழே 0.2 மி.மீ., அவ்வளவுதான் இடம். 2 இன்ச்சுக்கு அது 0.37. 2.5-க்கு ஏறக்குறைய 0.6. 4 இன்ச்சுக்கு 1.5 மி.மீ.

இப்போது உங்கள் மெஷின் படுக்கையை நினைத்துப் பாருங்கள். தேன்கூட்டுப் பெட் நடுவில் கொஞ்சம் தொய்ந்திருக்கும், ஒரு மூலையில் பழைய தார் ஒட்டியிருக்கும், அதன்மேல் வைத்த 300 ஜி.எஸ்.எம். அட்டை ஓரத்தில் சுருண்டு ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். அந்த ஓரத்தில் 1.5 இன்ச் லென்ஸின் புள்ளி 2 இன்ச் லென்ஸ் தருவதைவிட அகலமாகப் போய்விடும். நடுவில் பளிச்சென்று, ஓரத்தில் கருகலாக ஒரே தாளில் இரண்டு வேலை வரும். ஒரு மி.மீ. தள்ளிப் போகிற இடத்தில் 1.5 இன்ச்சின் புள்ளி 0.10-லிருந்து 0.19 ஆகிவிடும், 2 இன்ச்சின் புள்ளியோ 0.14-லிருந்து 0.18. என் கணக்கில் நல்ல லென்ஸ் என்பது எது சின்னப் புள்ளி தருகிறதோ அது அல்ல. உங்கள் பெட்டும் பொருளும் சேர்ந்து எந்தப் புள்ளியைத் தாள் முழுக்கக் காப்பாற்றுமோ அதுதான்.

இன்னொன்று புகை. லென்ஸ் வேலைக்கு அரை இன்ச் அருகே வந்துவிடுவதால் பிசின், தூள், ஆவி எல்லாம் முதலில் லென்ஸைத்தான் தேடி வரும்.

என் பொருளுக்கு எது? நேராகச் சொல்லிவிடுங்கள்.

சரி. பேப்பர், அட்டை, துணி, மெல்லிய வெனீர், 1 முதல் 2 மி.மீ. ஆக்ரிலிக், ரப்பர் ஸ்டாம்ப்: 1.5 இன்ச், ஆனால் பொருளைக் காந்தம் வைத்தோ ஊசி வைத்தோ தட்டையாகப் பிடித்தால் மட்டும். பிடிக்க முடியாது என்றால் 2 இன்ச்.

3 மி.மீ. எம்.டி.எஃப்., 3 மி.மீ. ஆக்ரிலிக், கலப்பு வேலை: 2 இன்ச். மெஷினோடு வருவதும் பெரும்பாலும் இதுவோ 2.5-ஓதான். கடைக்கு ஒரே லென்ஸ்தான் வாங்க முடியும் என்று யாராவது சொன்னால் யோசிக்காமல் 2 இன்ச்சைக் கையில் கொடுப்பேன்.

5, 6 மி.மீ. மரம், பிளைவுட்: 2.5. இதில் சன்ன வேலையை எதிர்பார்க்காதீர்கள், ஆனால் வெட்டின் சுவர் நேராக நிற்கும். சின்ன ஃபோகல் லென்ஸில் தடிமனான பொருளை வெட்டினால் கதிர் ஃபோகஸைத் தாண்டியதும் வேகமாக விரிந்து, மேலே ஒரு அகலம் கீழே ஒரு அகலமாகச் சாய்ந்து நிற்கும். ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற பெட்டி செய்கிறவர்களுக்கு இது தலைவலி.

8, 10 மி.மீ. ஆக்ரிலிக், அல்லது தலை உள்ளே இறங்க முடியாத பள்ளமான பொருள்: 4 இன்ச். இந்தப் பக்கத்தின் விஷயத்துக்கு அது வெளியே, விட்டுவிடுவோம்.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காப்பித் தோட்டத்தில் நிழலுக்காக வைத்து மிளகுக் கொடி ஏற்றும் வெள்ளியோக்கு மரம் பலகையாகச் சல்லிசாகக் கிடைக்கிறது, வரிகளும் அழகாக இருக்கும், அதனால் சாவிக்கொத்தும் கோஸ்டரும் அதில்தான் கேட்கிறார்கள். ஆனால் மலை மேல் மூடுபனிக் காலத்தில் மரம் ஈரத்தை இழுத்து வளைகிறது, சேலத்துக்கு இறக்கிக் கொண்டுவந்தால் இரண்டு நாளில் காய்ந்து வேறு பக்கம் வளைகிறது. இப்படிப்பட்ட பலகையில் 1.5 இன்ச் போடுவது வீண். 2 இன்ச் போட்டு, வெட்டுவதற்கு முன் பலகையின் நாலு மூலையிலும் நடுவிலும் உயரம் பாருங்கள். வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் பிழை லென்ஸில் இல்லை.

1.5 இன்ச் வாங்கிப் போட்டேன், பழையதைவிட மோசமாக வெட்டுகிறது. டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட்டாக இருக்கலாம், ஆனால் அதைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

முதலில் ஃபோகஸ் உயரம். பழைய லென்ஸுக்கு வெட்டிவைத்த அந்த ஆக்ரிலிக் அளவுக்கட்டையை வைத்தே புது லென்ஸுக்கும் உயரம் வைத்திருப்பீர்கள். சாய்வுச் சோதனை செய்யுங்கள்: ஒரு நேரான பலகையின் ஒரு முனையைத் தூக்கிவைத்து, சாய்வில் குறைந்த பவரில் ஒரே ஒரு கோடு இழுங்கள். கோடு ஒரு பக்கம் தடியாகத் தொடங்கி, நடுவில் எங்கோ மயிரிழையாகி, மறுபடி தடியாகும். மிகச் சன்னமான இடத்தில் நாஸில் (லென்ஸுக்குக் கீழே கதிர் வெளியே வரும் குழாய்) நுனிக்கும் பலகைக்கும் உள்ள தூரத்தை அளந்து, அந்த அளவுக்குப் புதிதாக ஒரு கட்டை வெட்டிக்கொள்ளுங்கள். லென்ஸின் உறையில் 38.1 என்று எழுதியிருப்பதை நம்பி அளக்காதீர்கள், அந்தத் தூரம் லென்ஸுக்குள்ளிருந்து தொடங்குகிறது, உங்கள் ஸ்கேல் அங்கே போகாது.

இரண்டாவது, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை: நாஸில் நீளம். உங்கள் தலை 2 இன்ச் லென்ஸுக்காகச் செய்தது. லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து நாஸில் நுனி 40 மி.மீ. கீழே இருந்தால், 1.5 இன்ச் லென்ஸின் ஃபோகஸ் நாஸிலுக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. தலையை எவ்வளவு இறக்கினாலும் ஃபோகஸ் பொருளைத் தொடாது. அதற்குக் குட்டை நாஸிலோ, லென்ஸைக் கீழே உட்கார வைக்கிற வேறு குழாயோ வேண்டும். லென்ஸ் வாங்கும் முன்பே இதை அளந்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, லென்ஸைத் தலைகீழாகப் போட்டிருக்கலாம். குவிந்த பக்கம் மேலே, கதிர் வரும் பக்கம் பார்க்க வேண்டும். தட்டையான பக்கம், அல்லது குழிந்த பக்கம், வேலையைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டாலும் வெட்டும், அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை; புள்ளி மட்டும் அகன்றிருக்கும். எது குவிந்த பக்கம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ட்யூப்லைட் பிரதிபலிப்பைப் பாருங்கள், ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் பிம்பத்தின் அளவு மாறும்.

நான்காவது அலைன்மென்ட். கதிர் லென்ஸின் நடுவில், செங்குத்தாக இறங்க வேண்டும். நாஸில் வாயில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு சின்னத் துடிப்பு விடுங்கள், துளை வாயின் நடுவில் விழ வேண்டும். பெட்டின் நாலு மூலையிலும் அப்படியே விழ வேண்டும். மூலைக்கு மூலை தள்ளிப்போனால் மிரரைச் சரிசெய்துவிட்டுத்தான் லென்ஸைப் பற்றிப் பேச வேண்டும். இந்தச் சோதனையைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்கிறவர்களைப் பார்க்கிறேன். 10.6 மைக்ரான் கதிர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணில் விழுந்த பிறகுதான் தெரியும். மூடிவிட்டுச் சுடுங்கள்.

ஐந்தாவது, பவர் அதிகம். 100 வாட் ட்யூபில் பத்திரிகை அட்டை வெட்டுகிறீர்கள் என்றால் லென்ஸ் பாவம் என்ன செய்யும். கண்ணாடி ட்யூப் பொதுவாக 10 சதவீதத்துக்குக் கீழே நிலையாகச் சுடாது, விட்டுவிட்டுச் சுடும், அதனால் நீங்கள் பவரை ஏற்றுவீர்கள், ஓரம் பழுப்படிக்கும். முழுக்கப் பேப்பர் வேலைதான் என்றால் 40, 60 வாட் மெஷின் அதை மேலாகச் செய்யும். இன்னொரு வேடிக்கை, சின்ன வட்டம் வட்டமாக வராமல் மூலை தட்டினால் அதற்கும் லென்ஸைத்தான் திட்டுகிறார்கள். அது பெல்ட் தொய்வு.

இதெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால், எடுத்துக்கொண்டு வாருங்கள், டூப்ளிகேட்டா என்று பார்க்கலாம்.

மெனிஸ்கஸ், பிளானோ கான்வெக்ஸ் என்கிறார்களே, எது வாங்குவது?

பிளானோ என்பது ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் குவிவு. மெனிஸ்கஸ் என்பது ஒரு பக்கம் குவிவு, மறுபக்கம் லேசான குழிவு, பிறை மாதிரி இருக்கும். கோள வடிவ லென்ஸில் ஓரமாகப் புகும் கதிரும் நடுவில் புகும் கதிரும் ஒரே இடத்தில் சேராது, அதனால் புள்ளி கொஞ்சம் மங்கும். மெனிஸ்கஸ் இந்த மங்கலைக் குறைக்கிறது: ஜிங்க் செலினைடு (சிஓ2 மெஷினில் போடும் மஞ்சள் நிறப் பொருள்) லென்ஸில் பிளானோவுக்கு வரும் மங்கலில் மூன்றில் இரண்டு பங்குதான் மெனிஸ்கஸுக்கு வரும்.

ஆனால் மங்கல் எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். அது கதிரின் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும், ஃபோகல் நீளத்தின் இருமடிப் பெருக்கத்தால் இறங்கும். 6 மி.மீ. கதிரும் 1.5 இன்ச் லென்ஸும் என்றால் பிளானோவில் மங்கல் 0.004 மி.மீ., 0.10 மி.மீ. புள்ளியில் அது கணக்கிலேயே வராது. அதே லென்ஸில் 12 மி.மீ. கதிர் விழுந்தால் மங்கல் 0.034 ஆகிறது, அங்கே மெனிஸ்கஸ் கட்டாயம். சாதாரண மெஷினுக்குப் பிளானோ போதும், வித்தியாச விலை குறைவென்றால் மெனிஸ்கஸ் எடுங்கள், அதனால் தீங்கு ஒன்றும் இல்லை.

கதிரை அகலமாக்கினால் புள்ளி இன்னும் சின்னதாகுமாமே?

ஆகும். கணக்கில் கதிரின் விட்டம் கீழே வகுக்கும் இடத்தில் இருப்பதைப் பாருங்கள். உலோக உடம்பு கொண்ட ஆர்.எஃப். (ரேடியோ அலையால் இயங்கும்) ட்யூபில் கதிர் வெளியே வரும்போதே ஒல்லியாக இருக்கும், அதை அப்படியே 2 இன்ச் லென்ஸில் விட்டால் கண்ணாடி ட்யூபைவிடத் தடியான புள்ளி வரும். அதனால்தான் அந்த மெஷின்களில் பீம் எக்ஸ்பாண்டர் வைக்கிறார்கள்: கதிரை இரண்டு மடங்கு விரித்தால் புள்ளி பாதி. கூடவே ஃபோகஸ் ஆழம் கால்வாசியாகும், அதையும் மறக்கக் கூடாது. கண்ணாடி ட்யூப் மெஷினில் எக்ஸ்பாண்டர் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் உங்கள் மிரரின் அளவு அந்த அகலக் கதிரைத் தாங்குமா என்று கேளுங்கள்.

மஞ்சள் லென்ஸ், கறுப்பு லென்ஸ், என்ன வித்தியாசம்?

மஞ்சள் என்றால் ஜிங்க் செலினைடு. 10.6 மைக்ரானில் மிகக் குறைவாகத்தான் கதிரை உறிஞ்சும், சூடாகாது, சிவப்புச் சுட்டுப் புள்ளியும் அதன் வழியே போகும். சன்ன வேலைக்கு இதையே வாங்குங்கள். கருஞ்சாம்பல் நிறத்தில் உலோகம்போலத் தெரிவது காலியம் ஆர்சனைடு, அது கடினமானது, கீறல் தாங்கும், தூசி அதிகமான இடத்தில் சிலர் விரும்புகிறார்கள், ஆனால் உறிஞ்சுதல் கூடுதல். ஜெர்மானியமும் கிடைக்கிறது; சூடேறச் சூடேற இன்னும் அதிகமாக உறிஞ்சி இன்னும் சூடாகும் குணம் அதற்கு, பவர் வேலைக்கு வேண்டாம்.

உறையில் யு.எஸ்.ஏ. என்று அச்சடித்திருப்பது வெறும் அச்சு, அதை வைத்து நான் எதையும் சொல்லமாட்டேன். உள்ளே இருப்பது பூச்சுதான் முக்கியம். பூச்சு இல்லாத ஜிங்க் செலினைடு ஒவ்வொரு பக்கத்திலும் 17 சதவீதம் கதிரைத் திருப்பி அனுப்பிவிடும், இரண்டு பக்கமும் சேர்ந்தால் முப்பது சதவீதம் போய்விடும். எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சு நல்லதாக இருந்தால் இந்த இழப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். அரை மணி நேரம் வெட்டியபின் லென்ஸ் வைத்திருக்கும் குழாய் கைபொறுக்காத சூட்டில் இருந்தால் பூச்சு போய்விட்டது அல்லது அழுக்கு படிந்திருக்கிறது.

கண்ணாடி லென்ஸ் போடலாமா என்றும் கேட்கிறார்கள். சாதாரணக் கண்ணாடி 10.6 மைக்ரானை விடவே விடாது, வெடித்துவிடும். நீல டயோடு மெஷின் போன்றவற்றுக்குத்தான் கண்ணாடி.

18, 19, 20 மி.மீ. என்று விட்டம் வருகிறது, பெரியது நல்லதா?

புள்ளியைத் தீர்மானிப்பது கதிரின் விட்டம், லென்ஸின் விட்டம் அல்ல. உங்கள் குழாயில் எது உட்காருமோ அதுதான் அளவு. வெர்னியரில் அளந்து வாருங்கள், 19.05-க்குப் பதில் 18 வாங்கினால் குழாய்க்குள் நகரும், நடு தப்பும். ரிங்கை விரலால் இறுக்கினால் போதும். இடுக்கி போட்டு இறுக்கி விளிம்பு சிதறிய லென்ஸ்கள் என் மேசையில் எப்போதும் ஒன்றிரண்டு கிடக்கும்.

எப்படிச் சுத்தம் செய்வது? சட்டைத் துணியில் துடைக்கலாமா?

வேண்டாம். ஜிங்க் செலினைடு மெத்தென்ற பொருள், துணியில் ஒட்டிய மணல் துகள் ஒன்று போதும். முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதுங்கள், வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். பிறகு லென்ஸ் பேப்பரில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, பேப்பரை லென்ஸ்மேல் படுக்கவைத்து ஒரே திசையில் மெல்ல இழுங்கள். அதே பேப்பரை மறுபடி பயன்படுத்தாதீர்கள். பிசின் படிந்து போகவில்லை என்றால் அசிட்டோன். அப்போதும் போகவில்லை என்றால் அது கறை இல்லை, பூச்சு எரிந்திருக்கிறது, தேய்த்துப் பயனில்லை. கையுறை போட்டு, விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

எம்.டி.எஃப். வெட்டுகிறவர்கள் தினமும் பார்க்க வேண்டும், அதன் பசைப் புகை ஒட்டிக்கொள்ளும். சூரமங்கலத்திலிருந்து மேக்னசைட் பக்கம் போகும் வழியில் பட்டறை வைத்திருப்பவர்களுக்குக் கோடையில் காற்றிலேயே வெள்ளைத் தூள் வருகிறது, எக்ஸாஸ்ட் ஓடும்போது மெஷின் வெளிக்காற்றைத்தானே உள்ளே இழுக்கிறது. காற்று உள்ளே வரும் இடத்தில் ஒரு ஃபில்டர் பஞ்சு போட்டாலே பாதி குறையும்.

இதைவிடப் பெரிய எதிரி ஏர் அசிஸ்ட், அதாவது வெட்டும் இடத்தில் காற்று ஊதும் கம்ப்ரஸர். ஆயில் உள்ள கம்ப்ரஸரை நேராக இணைத்தால் எண்ணெய்ப் பனியும் தண்ணீரும் லென்ஸில்தான் போய் உட்காரும். நடுவில் ஈரம் பிரிக்கும் ஃபில்டர் வையுங்கள், தினமும் அதன் தண்ணீரை வடியுங்கள். காற்று வேண்டாம் என்று நிறுத்திவிடவும் கூடாது, புகையை லென்ஸுக்கு ஏறவிடாமல் தடுப்பதே அந்தக் காற்றுதான். பேப்பருக்கு மட்டும் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் காலையில் முதல் அரை மணி நேரம் வெட்டே விழுவதில்லை. லென்ஸா, ட்யூபா?

பெரும்பாலும் ஈரம். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த லென்ஸிலும் மிரரிலும், காலையில் சன்னலைத் திறந்ததும் உள்ளே வரும் மூடுபனி ஆவியாகப் படிகிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் போதும், தண்ணீர் 10.6 மைக்ரானை நன்றாக உறிஞ்சும். அதன்மேல் முழுப் பவரில் சுட்டால் பூச்சில் வட்டவட்டமாகத் தழும்பு விழுகிறது. மெஷினைச் சுடாமல் ஆன் செய்து, உள்ளே ஒரு சின்ன பல்பு எரியவிட்டு, காய்ந்த காற்றை நாஸில் வழியாகக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். ராத்திரி லென்ஸைக் கழற்றி சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைப்பது இன்னும் நல்லது.

கீழே சேலத்தில் இதே தொல்லை வேறு மாதிரி, ஐப்பசி மழையில் வரும். காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனி படியும் வெப்பநிலை 23 டிகிரி. ட்யூபைக் குளிர்விக்கும் சில்லர் மெஷினை 18-இல் வைத்தால் ட்யூபின் வாய் வியர்க்கிறது, எல்லோரும் லென்ஸைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நாட்களில் 24, 25-இல் வையுங்கள்.

ரெக்சின் வெட்டினால் லென்ஸ் கெடுமா?

ரெக்சின் பெரும்பாலும் பி.வி.சி. பூசியது. சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வரும்; லென்ஸ் பூச்சு, மிரர், ரயில், உங்கள் நுரையீரல், எல்லாம் கெடும். வெட்டாதீர்கள். என்ன பொருள் என்று தெரியவில்லை என்றால், செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி அதில் ஒரு ஓரத்தைத் தொட்டு மறுபடி நெருப்பில் காட்டுங்கள், பச்சைச் சுடர் வந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது. காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

லென்ஸ் உடைந்துவிட்டது. துடைப்பத்தில் பெருக்கிவிடலாமா?

கூடாது. ஜிங்க் செலினைடு தூள் நச்சு, காலியம் ஆர்சனைடு அதைவிட நச்சு. எக்ஸாஸ்ட்டை நிறுத்தி, தூள் அடங்கவிட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஈரத் தாளால் ஒற்றி எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி மூடுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். விரிசல் விட்ட லென்ஸை இன்று ஒருநாள் ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: அது நடு வேலையில்தான் வெடிக்கும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளித் தகட்டில் சன்னமாக வெட்ட எந்த லென்ஸ் போடணும்?

சிஓ2-வில் எந்த லென்ஸும் இல்லை. வெள்ளி அந்தக் கதிரில் 98 சதவீதத்துக்கு மேல் திருப்பி அடிக்கும். உங்களுக்கு வேண்டியது ஃபைபர் லேசர், அலைநீளம் 1.06 மைக்ரான், சிஓ2-வில் பத்தில் ஒரு பங்கு. அதனால் புள்ளியும் இயல்பாகவே சின்னது.

மார்க்கிங் மெஷின் வைத்திருக்கிறீர்கள் என்றால் கீழே இருக்கும் பெரிய லென்ஸுக்கு எஃப்-தீட்டா என்று பெயர். தட்டையான பரப்பு முழுக்க ஃபோகஸ் கிடைக்கும்படி அமைத்தது. அதில் 160 மி.மீ. லென்ஸ் 110-க்கு 110 மி.மீ. இடம் தரும், 100 மி.மீ. லென்ஸ் 70-க்கு 70, 254 மி.மீ. லென்ஸ் 175-க்கு 175. கொலுசுத் துண்டுக்கு 70 மி.மீ. சதுரம் தாராளம். 160-இல் 0.05 மி.மீ. புள்ளி வருகிற மெஷினில் 100 போட்டால் 0.03 வரும், அதே பவர் சின்ன இடத்தில் குவிவதால் வெள்ளி சீக்கிரம் பிடிக்கும். கடைக்காரர் பெரிய பரப்பு லென்ஸைத்தான் பெருமையாகக் காட்டுவார், ஒரே முறையில் நிறைய வைக்கலாம் என்பார். வெட்டு வேலைக்கு அதை வாங்காதீர்கள். வெள்ளியில் வெட்டு அகலம் என்பது அழகு மட்டும் இல்லை, அத்தனையும் புகையாகவும் தூளாகவும் போகிற வெள்ளி. அடியில் தட்டு வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், பட்டறைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எக்ஸ்-ஒய் மேசையில் ஓடும் ஃபைபர் கட்டிங் மெஷின் என்றால் கணக்கே வேறு: ஃபைபரின் உள்விட்டத்தை ஃபோகஸ் லென்ஸின் நீளத்தால் பெருக்கி, கோலிமேட்டரின் (ஃபைபரிலிருந்து விரிந்து வரும் கதிரை நேராக்கும் லென்ஸ்) நீளத்தால் வகுக்க வேண்டும். 50 மைக்ரான் ஃபைபர், 100 மி.மீ. கோலிமேட்டர், 125 மி.மீ. ஃபோகஸ் லென்ஸ் என்றால் 62.5 மைக்ரான். ஃபோகஸ் லென்ஸை 100 ஆக்கினால் 50. அந்தத் தலைகளில் லென்ஸுக்குக் கீழே ஒரு காப்புக் கண்ணாடி இருக்கும், அது அழுக்கானால்தான் வெட்டு கெடும், நல்ல லென்ஸைக் கழற்றிப் பார்க்காதீர்கள்.

வெள்ளி கதிரைத் திருப்பி அடிப்பதால் அது வந்த வழியே ஃபைபருக்குள் புகுந்து சோர்ஸையே (கதிரை உண்டாக்கும் பெட்டி) கெடுக்கலாம். திரும்பும் கதிரைத் தடுக்கும் பாதுகாப்பு உள்ள சோர்ஸா என்று வாங்கும்போதே கேளுங்கள். இன்னும் ஒன்று: சிஓ2 மெஷினின் தெளிவான ஆக்ரிலிக் மூடி சிஓ2 கதிரைத் தடுத்துவிடும், ஆனால் ஃபைபர் கதிர் அதே ஆக்ரிலிக்கைத் தாண்டி நேராக வெளியே வரும். பழைய சிஓ2 மெஷின் மூடியைக் கழற்றி ஃபைபர் மெஷினுக்கு மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டுத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம், கூடாது. 1064 நானோமீட்டர் என்று குறித்த கண்ணாடி வாங்கி, பட்டறையில் நிற்கிற எல்லோருக்கும் கொடுங்கள்.